பூதப்பாண்டியிற் காணத்தக்கவை

விடுமுறையில் நாஞ்சினாடு செல்லும் மாணவர் சுசீந்திரத்தையும் குமரிமுனையையும் கண்டு மீள்வதே வழக்கம். நாகர்கோவிலுக்கு வடக்கே, பழையாற்றங்கரையில், தாடகைமலையின் அருகமைந்த பூதப்பாண்டியை நாடுவோர் சிலரே. தமிழ் பயில்வோர் அவ்வூரை ஒருகாலேனும் காணல் வேண்டும் என்பது என் கருத்து.

பாறையைக் குடைந்தமைத்த பூதலிங்கசுவாமி கோயிற் கருவறை அவ்வூரின் தொன்மைக்குச் சான்று. ஊர்ப்பெயரோ, புறநானூற்றுப் புலவருள் ஒருவனான ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனை நினைப்பூட்டும். எனினும், பழமையை வியந்து திரும்புதல் பாதிக் காட்சியே. அக்கோயிலை யார் அணுகலாம், யார் அணுகலாகாது என்றிருந்த வரலாற்றையும் வினவுதல் வேண்டும்.

1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிடும்வரை, தாழ்த்தப்பட்ட இந்துக்களுக்கு அரசின் கோயில்கள் அடைத்தே கிடந்தன. 1907-இல் இவ்வூரிற் பிறந்த ப. ஜீவானந்தமோ, அப்பிரகடனத்துக்கு முன்னரே, தம் இளமையிலேயே தீண்டாமையை எதிர்த்து நின்றார். ஆதலின், கோயிலைக் கண்டோர் அவர் பிறந்து வளர்ந்த தெருக்களையும் கண்டே திரும்புதல் முறை.

கிறிஸ்தவராகிய நாம் இதனை அயலார் குறையென எண்ணிச் செருக்குறல் தகாது. சாதிக்கொரு பக்கமாய் மக்கள் அமர்ந்த தேவாலயங்களை நம் வரலாறும் அறியும்.

அடுத்த விடுமுறையிற் செல்வோர் கருவறையின் தொன்மையைக் காண்க. அதன் வாயில் திறந்த நாளையும் உடன் நினைக்க.