கீழ்நிலையில் இறங்கி வெல்லும் அணிகள்

பயிற்சிக்கூட அணிகள் கரணமும் ஆள்தூக்கலும் கலந்து ஆடிக்காட்டும் அமெரிக்காவின் ஆல்-ஸ்டார் சியர்லீடிங் போட்டிகளில் அணிகளை வயதை வைத்தும் திறன் நிலையை வைத்தும் பிரிக்கிறார்கள். வயதைக் காட்ட பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. திறன் நிலைக்கு அப்படியொரு சான்று கிடையாது. 1 முதல் 7 வரையான நிலைகளில் அணியை எதில் இறக்குவது என்பதைப் பெரும்பாலும் பயிற்சிக்கூடமே முடிவு செய்கிறது. இந்த விளையாட்டின் நேர்மை ஓட்டையாவது இங்கேதான். ஒவ்வொரு நிலையிலும் எதைச் செய்யக் கூடாது என்று விதிகள் நுணுக்கமாகச் சொல்கின்றன. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் அங்கே போட்டியிடலாமா என்ற கேள்விக்குத்தான் உறுதியான பதில் இல்லை.

முதல் நிலையையே பாருங்கள். பின்னோக்கித் துள்ளிக் கைகளை ஊன்றி எழும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்குக்கு அங்கே அனுமதியில்லை; கரணமும் கார்ட்வீலும், கைகளை ஊன்றிக் கால்களை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலாகக் கடத்தும் வாக்ஓவரும் போடலாம். கடினத்துக்கான மதிப்பெண்ணுக்கு உச்சவரம்பு இருப்பதால், நல்ல அணிகளுக்குள் வெற்றியைத் தீர்மானிப்பது நேர்த்திதான். மூன்றாம் நிலைப் பயிற்சியில் அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்துப் பழகிய சிறுமிக்கு வாக்ஓவர் கைவந்த கலை. முழங்கால் மடங்காது, பாதம் தளராது. இரண்டரை நிமிடமும் பிசிறில்லாமல் ஆடிவிடுவாள். அவ்வாண்டுதான் வாக்ஓவர் கற்றுக்கொண்ட குழந்தைகளின் அணி விதிப்படியே தோற்கும். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

தயாராகாத பிள்ளைகளை மேல்நிலைக்குத் தள்ளினால் அடிபடும் என்கிறார்கள் பயிற்சியாளர்கள். முற்றிலும் உண்மை. கரணத்தில் தேர்ந்தவர்கள் தோழியைத் தோளுக்கு மேல் தூக்கி நிறுத்துவதில் தடுமாறலாம். அப்படிப்பட்ட அணி கீழே நிற்பதில் தவறில்லை. ஆனால் மேல்நிலை அணியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவரையே கீழ்நிலை அணியிலும் சேர்க்கும்போது அந்த வாதம் எடுபடாது. ஆள் பற்றாக்குறையால் திணறும் சிறிய கூடங்களுக்கு இப்படி இரட்டை அணியில் ஆடவிடுவது தவிர்க்க முடியாதது என்றால், ஓர் அணியில் எத்தனை பேர், எத்தனை நிலை இறங்கி ஆடலாம் என்பதற்கு எல்லாப் போட்டிகளிலும் ஒரே வரம்பு வைக்கட்டும்.

அந்த வரம்பை யார் காப்பது என்பதே கடினமான கேள்வி. போட்டி நடத்துபவர்களுக்கு ஒவ்வொரு பதிவும் வருமானம். கட்டணம் கட்டும் கூடத்தை மேல்நிலைக்கு அனுப்ப அவர்களுக்குத் தயக்கம் இருக்கவே செய்யும். 2003-ல் உருவான விதி வகுக்கும் அமைப்பான யுஎஸ்ஏஎஸ்எஃப்-கூட, போட்டிச் சந்தையில் கோலோச்சும் வார்சிட்டி நிறுவனத்தின் நிதியுதவியோடு தொடங்கப்பட்டதுதான். ஆகவே முந்தைய பருவத்தின் அணிப் பட்டியலையும் மதிப்பெண்களையும் பார்த்து அணியை மேலே நகர்த்தும் அதிகாரம், பதிவுக் கட்டணத்தில் பங்கில்லாத நடுவர் குழுவிடம் இருக்க வேண்டும். அதுவும் பருவத்தின் முதல் போட்டிக்கு முன்பே, கோப்பை கைமாறிய பிறகு அல்ல.