மரதனில் நமக்குத் தேவை மெதுவாக ஓடுகிற ஆட்கள்



முதலாம் தவணை தொடங்கினால் நம் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிதான் பேச்சு. ஹிறா, ஸபா, மர்வா என்று பிள்ளைகள் பிரிந்து நிற்பார்கள். அதன் முதல் நிகழ்ச்சி பெரும்பாலும் மரதன். அதைப் பற்றியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பெற்றோரும் பழைய மாணவர்களும் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் கருத்து இதுதான். நம்முடையதைப் போன்ற வெக்கையான கரையோர ஊரில் மரதன் நடத்துவதென்றால், முதலாம் இடத்துக்குக் கிண்ணம் வாங்குவதற்கு முன்னர், ஓட்டத்தின் வேகத்தைப் பிடித்து வைக்கும் ஆட்களை ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய மரதன்களில் இவர்களைப் 'பேஸர்' என்பார்கள்.

பேஸர் பரிசுக்காக ஓடுவதில்லை. 5 மணித்தியாலம் என்று எழுதிய கொடியைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கிலோமீற்றரையும் ஏறத்தாழ 7 நிமிடம் 6 செக்கனில் கடந்து, 42.195 கிலோமீற்றரையும் சொன்ன நேரத்தில் முடிப்பது அவர் வேலை. கூட ஓடுகிறவர் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை, கொடியைப் பார்த்தால் போதும். அதனால் ஒருவரால் ஓட முடிந்த வேகத்தைவிட நன்றாகக் குறைந்த வேகத்துக்கே அவரைப் பேஸராகப் போடுவார்கள். களைத்துப்போன பேஸரால் யாருக்கும் பிரயோசனமில்லை.

கல்வியியற் கல்லூரி முடித்து மலைநாட்டில் முதல் நியமனம் கிடைத்த இந்த ஊர் ஆசிரியர்கள் நாங்கள். வெலிமடை, பண்டாரவளைப் பக்கக் குளிரில் காலையில் ஓடிப் பழகியவர்கள். கிழக்குக் கரையில் நடந்த ஒரு மரதனுக்கு எங்கள் மூவரைப் பேஸர்களாகக் கேட்டார்கள். எல்ல இறக்கம் தாண்டி வெல்லவாயவுக்கு வந்ததுமே பஸ் ஜன்னலால் வரும் காற்று மாறிவிடும். மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் என்று இறங்க இறங்கச் சட்டை உடம்போடு ஒட்டும். "நீங்க இந்த வெயில்லயே பிறந்து வளந்த ஆக்கள்தானே, உங்களுக்கு என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியில்தான் நம் ஊரின் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. வெப்பத்தில் ஓடப் பழகுவதற்கு உடம்புக்கு 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை நேரத்தோடு வரத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பு குறையும். குளிரில் சில கிழமைகள் இருந்தால் இந்தப் பழக்கம் கழன்றுவிடும், எந்த ஊரில் பிறந்திருந்தாலும் சரி. எனவே நாங்கள் தவணை விடுமுறையில் இரண்டு கிழமை முன்னரே வந்து, முதல் நாட்களில் அரை மணித்தியாலம் மட்டும் ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

ஓடும்போது நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால்வாசிதான் காலை நகர்த்துகிறது. மிச்சமெல்லாம் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்கு ஓட வேண்டும், வியர்வை ஆவியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதன் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக விழுந்தால் உடம்பு குளிர்வதில்லை. மலையில் சுகமாக ஓடிய அதே வேகத்துக்கு இங்கே இதயம் அதிகமாக அடித்துக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பிழை. தாகத்துக்கு மேல் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும். வேகத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து.

அன்று நாங்கள் செய்த வேலையும் அதுதான். எங்கள் பின்னால் வந்த இளைஞர்களுக்கு முதல் 10 கிலோமீற்றர் பொறுக்க முடியவில்லை. "என்ன சேர், நடந்து போறீங்களா?" என்று சொல்லிவிட்டு முந்திப்போனார்கள். அவர்களில் பலரை 30ஆம் கிலோமீற்றருக்குப் பிறகு மர நிழலில் உட்கார்ந்திருக்கக் கண்டோம். ஒருவர் கொடியோடு போக, மற்ற இருவரும் பின்தங்குகிறவர்களோடு ஓடினோம். அடிக்கடி ஒரு கேள்வி கேட்போம்: "தம்பி, எந்த இடம்? வீட்டில் எத்தனை பேர்?" முழு வசனத்தில் பதில் வந்தால் நல்லது. ஒற்றைச் சொல்லில் வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்வோம். பதில் சம்பந்தமில்லாமல் வந்தாலோ கால் தள்ளாடினாலோ ஓட்டத்தை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய்விடுவோம். வெப்பத்தாக்குதலின் முக்கியமான அடையாளம் தடுமாற்றமான பேச்சுத்தான்.

உலகத்தின் முதல்தர வீரர்களுக்கும் இதே கணக்குத்தான். 2019 செப்டெம்பர் 27ஆம் திகதி கட்டாரின் டோஹாவில் உலக சம்பியன்சிப் பெண்கள் மரதனை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் 30 பாகைக்கு மேல் வெப்பம், ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அதன் பிறகு 15 நாட்களில், ஒக்டோபர் 12ஆம் திகதி, கென்யாவின் எலியுட் கிப்சோகே வியன்னாவில் மரதன் தூரத்தை 1 மணித்தியாலம் 59 நிமிடம் 40 செக்கனில் ஓடினார். அதற்குக் குளிரான காலையைத் தெரிந்தெடுத்தார்கள். முறை வைத்து அவரோடு ஓடிய பேஸர்கள் 41 பேர். அப்படிப்பட்ட மனிதருக்கே நல்ல காலநிலையும் துணைக்கு ஆட்களும் வேண்டியிருந்தன. நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது ஒரு இலக்கத் துண்டும் ஒரு விசிலும்.

2024 மார்ச் மாதம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் இறந்துபோன செய்தியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். யாரில் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகும் ஒன்பது மணி வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பிரதம அதிதி வரும்வரை காத்திருக்கும் பழக்கம் பல இடங்களில் மாறவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"நம்மட புள்ளைகளுக்கு வெயில் பழக்கம்தானே" என்பார்கள். காலையில் வகுப்பறை, பின்னேரம் டியூசன், இரவில் போன். அந்தப் பிள்ளைக்கு வெயிலில் ஓடிய பழக்கம் எங்கிருந்து வரும்? பெயர் கொடுத்த மறுநாளே ஓட விட்டால் அது போட்டியல்ல.

எனவே அதிபர்களிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் இவற்றைக் கேட்கிறோம்:

1. சுபஹுக்குப் பிறகு வெளிச்சம் வந்ததும் ஓட்டம் தொடங்கட்டும். பேச்சும் கௌரவிப்பும் பிறகு நடக்கட்டும். அதிதி பிந்தினால் ஓட்டம் பிந்தக் கூடாது.

2. ஓடத் தெரிந்த ஓர் ஆசிரியரோ பழைய மாணவரோ முன்னால் ஓடட்டும். முதல் 2 கிலோமீற்றருக்கு அவரை யாரும் முந்தக் கூடாது. நடுவில் இருவர், கடைசிப் பிள்ளையோடு ஒருவர். கடைசியில் ஓடுகிறவர் பொறுப்பானவராக இருக்க வேண்டும்.

3. போட்டிக்கு முன்னர் இரண்டு கிழமையாவது பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு வராத பிள்ளை ஓட வேண்டாம். காய்ச்சல், வயிற்றோட்டம், இழுப்பு இருந்தால் உம்மா வாப்பா மறைக்காமல் சொல்ல வேண்டும்.

4. வழியில் நிழல், தண்ணீர், ஜீவனி இருக்கட்டும். முடிவிடத்தில் ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கட்டும். பிள்ளை சூட்டில் விழுந்தால் 1990க்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை உடம்பைக் குளிர்விக்க வேண்டும். காத்திருக்கும் அந்த நிமிடங்கள் மிகவும் முக்கியமானவை.

5. பெண் பிள்ளைகள் ஓடும் இடங்களில் பர்தாவுக்கும் சட்டைக்கும் இலேசான, வெளிர் நிறத் துணி தெரிவு செய்யுங்கள். ஒழுக்கமும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. பெண் பேஸர்களாக டீச்சர்மார் முன்வர வேண்டும்.

6. முதல் பத்துப் பேருக்கு மட்டும் புள்ளி போடாமல், ஓடி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி கொடுங்கள். அப்போது பிள்ளைகள் தாங்களாகவே மெதுவாகத் தொடங்குவார்கள், பின்னால் வருபவனையும் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

இவற்றில் பெரும் செலவு எதுவும் இல்லை. ஒரு கிண்ணத்தின் விலையில் ஐஸும் ஜீவனியும் வாங்கிவிடலாம்.

ஆள் இல்லை என்று சொல்லும் பாடசாலைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கிழமைக்கு முன்னர் திகதியை அறிவியுங்கள். நாங்கள் வருகிறோம். முன்னால் ஒருவர், கடைசிப் பிள்ளையோடு ஒருவர் என்று ஓடித் தருகிறோம். பயணச் செலவும் எங்களுடையது. ஊரில் ஓடுகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் இதில் சேர விரும்பினால் கீழே பெயரைப் பதியுங்கள்.