செய்திக்குக் கால் வேண்டும்
திருச்சி மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

இணையச் செய்தித் தொழிலைப் பற்றி மாநகராட்சிக்கு எதற்கு மடல் என்று தங்களுக்குத் தோன்றலாம். பத்திரிகைகளோடு ஓர் அலுவலகத்துக்கு இருக்கும் உறவு செய்திக்குறிப்பு அனுப்புவதோடும் டெண்டர் விளம்பரம் கொடுப்பதோடும் முடிந்துவிடுகிறது என்பதுதான் பொதுவான நினைப்பு. ஆனால் புத்தூரிலோ உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ இருந்துகொண்டு தன் வார்டைப் பற்றி இணையத்தில் எழுத முனைகிற ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதில் கூகுளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, ஏறத்தாழ அவ்வளவு பங்கு தங்கள் அலுவலகத்துக்கும் உண்டு. அவருக்குத் தாங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம். தரவே கூடாது என்பது என் கட்சி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதழ் நடத்துவது திருச்சிச் சீமைக்குப் புதிதல்ல. துறையூரிலிருந்து ‘கிராம ஊழியன்’ வந்தது. 1944இல் மறைந்த கு.ப. ராஜகோபாலன் தம் கடைசிக் காலத்தில் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து ‘சிவாஜி’யை நெடுங்காலம் நடத்தினார். அன்றைய இதழாசிரியரின் கழுத்தைப் பிடித்தவை காகித விலை, அச்சுக்கூலி, தபால் செலவு. 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் தலைகாட்டி, மறு ஆண்டே அவற்றைத் திரட்டிக் காட்ட ‘தமிழ்மணம்’ வந்தபோது, இந்த மூன்று செலவும் ஒரேயடியாகப் போயின. இனி தெருவுக்கு ஒரு நிருபர் கிளம்புவார் என்று நம்பியவர்கள் உண்டு. கிளம்பியது வேறு. கவிதை, திரை விமர்சனம், அரசியல் சண்டை, சமையல் குறிப்பு, பயணக் கட்டுரை என எல்லாம் பெருகின. வார்டுச் செய்தி மட்டும் பெருகவில்லை. கருத்து எழுத நாற்காலி போதும், செய்தி எழுதக் கால் வேண்டும். இணையத்தால் விழுந்தது வெளியிடும் செலவுதான். அலுவலகத்துக்கு நடப்பது, காத்திருப்பது, நகல் கேட்பது, அதைச் சரிபார்ப்பது என்று சேகரிக்கும் செலவு இம்மியும் குறையவில்லை.

அந்தச் செலவை ஈடுகட்ட வருமானமாவது வந்ததா? கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதாவது தமிழ் வலைப்பதிவுக்குப் பதினைந்து வயதான பிறகு. அப்போதும் காசு கிடைப்பது எழுத்துக்கு அல்ல, பார்வைக்கு. பஞ்சப்பூர் பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டதைப் படம்பிடித்துப் போட்டால் ஊரே பார்க்கும். புத்தூரில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவை மூடும் பொறுப்பு எந்த ஒப்பந்தக்காரருடையது என்று எழுதினால் அந்தத் தெருக்காரர்கள் மட்டும் பார்ப்பார்கள். முதலாவதற்கு ஒரு மணி நேர வேலை, இரண்டாவதற்கு ஒரு மாத வேலை. கணக்குத் தெரிந்த யாரும் முதலாவதையே செய்வார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பார்வையும் வாடகை வீட்டில் கிடைப்பது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், செய்தி நிறுவனங்களின் பதிவுகளைப் பின்தள்ளி உறவினர், நண்பர் பதிவுகளை முன்னே வைக்கப்போவதாக அறிவித்தது. செய்திக்குப் பணம் கொடு என்று கனடா 2023இல் சட்டம் இயற்றியபோது, கூகுள் ஆண்டுக்குப் பத்துக் கோடி கனடிய டாலர் தர ஒப்புக்கொண்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து கனடாவில் செய்தியையே காட்டாமல் நிறுத்திவிட்டது. ஒரு நாட்டு அரசுக்கே அந்தக் கதி என்றால், வயலூர் சாலையில் ஒற்றை ஆளாக நடத்தும் செய்தித் தளம் எம்மாத்திரம்? வருமானப் பக்கத்தைச் சரிசெய்ய நம் ஊரில் யாராலும் ஆகாது. செலவுப் பக்கத்தைச் சரிசெய்யத் தங்களால் ஆகும். இந்த மடலின் வாதம் அவ்வளவுதான்.

ஒரு சாக்கடைப் பணியைப் பற்றிப் பிழையின்றி எழுத என்ன வேண்டும்? அது எந்த மாமன்றக் கூட்டத்தில் எந்தத் தீர்மானமாக வந்தது, மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தப்புள்ளி எந்தத் தொகைக்கு முடிந்தது, பணி ஆணையில் முடிக்கும் தேதி என்ன, அளவீட்டுப் புத்தகத்தில் எவ்வளவு வேலைக்குப் பட்டியல் எழுதப்பட்டது என்று ஐந்து காகிதங்கள். ஐந்தும் பொதுப்பணத்தில் உருவானவை. ஒன்றுகூட ராணுவ ரகசியம் அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுச் செய்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அந்த முப்பது நாளில் மழை வந்துவிடும், பள்ளத்தில் யாராவது விழுந்துவிடுவார்கள், செய்தியும் பழசாகிவிடும். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை இயற்றியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நான்காம் பிரிவு, குடிமக்கள் மனுவோடு வருவதைக் கூடுமானவரை தவிர்க்கும்படி அலுவலகமே முன்வந்து தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. மனுப் போடுவது அந்தச் சட்டத்தில் கடைசி வழி. நாம்தான் அதை முதல் வழியாக்கிவிட்டோம்.

அலுவலகமே முன்வந்து வெளியிடுவது காகிதத்தில் மட்டும் அழகாக இருக்கும் யோசனையல்ல. வேலைக்கு வந்தோர் பட்டியலையும் பட்டுவாடாக் கணக்கையும் ஊர் நடுவே உரக்கப் படித்துக் காட்டிய ராஜஸ்தான் கிராமத்து இயக்கத்திலிருந்துதான் தகவல் உரிமைச் சட்டமே பிறந்தது. அதே மாநிலம் 2019 செப்டம்பரில் ‘ஜன் சூச்னா’ என்ற இணையதளத்தைத் தொடங்கி, ரேஷன் கடை முதல் நூறு நாள் வேலை வரையிலான விவரங்களை யாரும் மனுப் போடாமலே பார்க்கும்படி வைத்தது. அறுபத்தைந்து வார்டு கொண்ட ஒரு மாநகராட்சிக்கு இது மலையைப் புரட்டும் வேலை ஆகாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். காகிதத்தைப் படம்பிடித்து ஏற்றுவது வெளியிடுவது ஆகாது. அதில் ‘உய்யக்கொண்டான்’ என்று வாய்க்காலின் பெயரைத் தேடினால் எதுவும் அகப்படாது. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பும் இணையத்துக்கு வந்தால் புரியாத கிறுக்கலாகிவிடும். தமிழ் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். ஆக, இதற்குப் புதிய ஆணைகூடத் தேவையில்லை.

நாங்கள்தான் செய்திக்குறிப்பு தருகிறோமே என்று தங்கள் மக்கள் தொடர்பு அலுவலர் கேட்கலாம். செய்திக்குறிப்பு என்பது அலுவலகம் சொல்ல விரும்புவது. தீர்மானப் புத்தகம் என்பது அலுவலகம் செய்தது. முன்னதை ஐம்பது தளங்கள் ஓர் எழுத்தும் மாறாமல் வெளியிடுகின்றன என்பதே அதில் செய்தி எவ்வளவு குறைவு என்பதற்குச் சாட்சி. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கைப்பேசியும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் இருந்தால் நிருபர் என்று சொல்லிக்கொண்டு அதிகாரிகளையும் ஒப்பந்தக்காரர்களையும் மிரட்டிக் காசு பறிக்கும் கூட்டம் பெருகிவிட்டது, அவர்கள் கையில் ஆவணத்தை வேறு கொடுப்பதா என்பது அது. ஆட்சேபம் பொய்யல்ல. போலிப் பத்திரிகையாளர்களைக் களைய மாநில அளவில் ஒரு பத்திரிகை மன்றம் அமைக்கும்படி 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆனால் மிரட்டுபவரின் சரக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவர் விற்பது செய்தியை அல்ல, வெளியே வராத காகிதத்தை. எல்லோருக்கும் தெரிந்த தொகையைக் காட்டி யாரை மிரட்ட முடியும்? மூடிய அலமாரிதான் அவருடைய மூலதனம். அலமாரி திறந்தால் முதலில் தொழில் இழப்பவர் அவர். ஆவணத்தைப் படித்துப் புரியும்படி எழுதத் தெரிந்தவருக்குத் தொழில் தொடங்கும். தப்பும் தவறுமாக எழுதிவிடுவார்களே என்றால், எழுதுவார்கள்தான். மூல ஆவணம் ஒரு சொடுக்கில் இருந்தால், தவறை வாசகரே பிடித்துவிடுவார், அலுவலகம் மறுப்பறிக்கை எழுத வேண்டியதில்லை.

பணம் தரக் கூடாது என்றேனே, அதற்கு வருகிறேன். உத்தரப் பிரதேச அரசு 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த டிஜிட்டல் ஊடகக் கொள்கை, அரசின் திட்டங்களை எடுத்துச் சொல்லும் யூடியூப்காரர்களுக்கு மாதம் எட்டு லட்சம் ரூபாய் வரை தர வழிசெய்தது. வரம்பைத் தீர்மானிப்பது பின்தொடர்வோர் எண்ணிக்கை. ஆட்சேபகரமாக எழுதினால் நடவடிக்கை என்ற வாசகமும் அதே கொள்கையில் உண்டு. அச்சுப் பத்திரிகைகளை அரசு விளம்பரம் என்ன பாடுபடுத்தியது என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். விளம்பரம் கொடுத்த கை அதை நிறுத்தவும் செய்யும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளியாகும் ஆவணத்தை, நேற்று எதிராக எழுதினார் என்பதற்காக ஒருவருக்கு மட்டும் நிறுத்த முடியாது. ஆகவேதான் உதவி என்ற பெயரில் எதுவும் கேட்கவில்லை.

கேட்பது இவ்வளவே: மாமன்றக் கூட்டப்பொருள் கூட்டத்துக்கு முன்பே, தீர்மானங்கள் கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், பணி ஆணைகளும் பட்டியல் தொகைகளும் வார்டு வாரியாக; எல்லாம் யூனிகோடுத் தமிழில், ஆண்டுகள் கழித்தும் மாறாத இணைய முகவரியில். இவற்றில் எது ஏற்கெனவே நடக்கிறதோ அதை மற்றவற்றுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். அடுத்த கூட்டத்தின் கூட்டப்பொருளிலிருந்தே தொடங்குங்கள். படிக்க ஆள் வருமா என்ற ஐயம் இருந்தால், முதல் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
புத்தூர்வாசி ஒருவர்
திருச்சி-17