உடம்பு சொன்னது வேறு, கோடு சொன்னது வேறு

சாரல் காலம் பிறந்துவிட்டால் தென்காசி டீக்கடைகளில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். "புளியரை எஸ் வளைவுல வண்டியப் படுக்கப்போட்டு எடுக்கறவனுக்குக் கம்ப்யூட்டர் கிராஃபு எதுக்கு அண்ணாச்சி? வளைவுங்கது கைப்பழக்கம்லா." செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய பையன்கள் சொல்வது. ரேஸ் டிராக்குக்குப் போய்வருகிறவர்களில் சிலரும் இதையே நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை. அந்த மலைப்பாதையைப் பொறுத்தவரை உயிருக்கே ஆபத்தான நம்பிக்கையும் கூட.

வேகத்தை உடம்பே சொல்லிவிடும் என்பது அவர்களுடைய முதல் வாதம். உடம்புக்குத் தெரிவது வேகம் அல்ல, வேகம் மாறுகிற அதிர்ச்சிதான். கடைசி நொடிவரை காத்திருந்து பிரேக்கை இறுக்கினால் வயிறு குலுங்கும், கை கனக்கும், பறந்துவந்த மாதிரி இருக்கும். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று மாலை இரண்டு சுற்றுகளின் வேகக் கோடுகளை, அதாவது ஒவ்வோர் இடத்திலும் வண்டியின் வேகத்தைக் காட்டும் கிராஃபுகளை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான் பறந்ததாக நினைத்த சுற்றில் கோடு செங்குத்தாக விழுந்து, வளைவின் அடியில் வெகுநேரம் கிடந்து, மெதுவாக ஏறியது. சாதாரணமாகத் தோன்றிய சுற்றில் பிரேக் கொஞ்சம் முன்னாலேயே பிடித்திருந்தேன். கோடு அவ்வளவு ஆழம் போகவில்லை. சீக்கிரமே மேலே திரும்பி, அடுத்த நேர்பாதை முழுக்க உயரத்திலேயே நின்றது. 500 மீட்டர் நேர்பாதையைச் சராசரி 120 கி.மீ. வேகத்தில் கடந்தால் 15 விநாடி. 123 ஆனால் கிட்டத்தட்ட 14.6. அந்த 0.4 விநாடி, வளைவைவிட்டு வெளியே வந்த விதத்தில் கிடைத்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோடு செங்குத்தாக இறங்கும் முன்னால் சின்னதாக ஒரு சாய்வு. த்ராட்டிலை விட்டுவிட்டேன், பிரேக்கை இன்னும் பிடிக்கவில்லை. அந்த இடைவெளி அரை விநாடிகூட இல்லை. ஆனால் 100 கி.மீ. வேகத்தில் 0.4 விநாடி என்பது 11 மீட்டர். அத்தனை தூரம் வண்டி சும்மா உருண்டதை என் உடம்பு ஒருமுறைகூட எனக்குச் சொன்னதில்லை.

மலைப்பாதையே பள்ளிக்கூடம் என்பது அடுத்தது. ஒரு கணக்கைப் பார்ப்போம். டயரின் பிடிப்பு புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கும் என்றால், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உச்ச வேகம் ஏறக்குறைய 80 கி.மீ. அதே வளைவை அகலமாக எடுத்து ஆரத்தை 60 மீட்டராக்கினால் 87. டிராக்கில் அந்த அகலம் முழுவதும் நம்முடையது. புளியரையில் பாதி ரோடு எதிரே வரும் லாரிக்குச் சொந்தம். சாரலில் நனைந்த தார், உதிர்ந்த இலை, வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்றே தெரியாத நிலை. நேற்று எடுத்த வளைவும் இன்று எடுத்த வளைவும் ஒன்றல்ல. ஒப்பிட முடியாத இடத்தில் துணிச்சல் வளரலாம், நுட்பம் வளராது.

இப்படிக் கோடு போட்டுப் பார்க்கும் டேட்டா பணக்காரர் சமாச்சாரம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஃபோனின் ஜிபிஎஸ் பொதுவாக விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். 100 கி.மீ. வேகத்தில் அது 28 மீட்டருக்கு ஒரு புள்ளி, வளைவுக்குப் போதாது. விநாடிக்கு 10 முறை குறிக்கும் சின்ன ஜிபிஎஸ் கருவி இருந்தால் 2.8 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். நான் மேலே சொன்னவற்றைப் பார்க்க அது போதும். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

"நரேன் கார்த்திகேயன் கிராஃப் பாத்தா வளந்தாரு?" என்று கேட்கிறார்கள். 2005-இல் ஜோர்டான் அணியில் அவர் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது, காரில் இருந்த சென்சார்கள் ஒவ்வொரு சுற்றையும் பிட்டுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்தன. அந்த மட்டத்தில் டேட்டா பார்க்காமல் யாரும் ஓட்டுவதில்லை.

டேட்டா எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்ற பயமும் வீண். ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்டன் சென்னா வளைவுக்குள் த்ராட்டிலைப் படபடவென்று மிதித்து மிதித்து விடுவார். அவருடைய காருக்கு எஞ்சின் கொடுத்த ஹோண்டாவின் எஞ்சினியர்கள் அதைப் பதிவான கோடுகளில் தெளிவாகப் பார்த்தார்கள். வேறு யாருக்கும் இல்லாத அவருடைய பாணியைக் கோடு அழிக்கவில்லை, எடுத்துக்காட்டியது.

அந்தப் பையன்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எங்கே நேரம் போனது என்று கோடு காட்டும், ஏன் போனது என்று சொல்லாது. சூடேறாத டயரா, முன்னால் போன வண்டியா, நம் பயமா என்பதை ஓட்டியவன்தான் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் சுற்று முடிந்த சூட்டோடு குறிப்பெழுதி, பிறகு கோட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

தம்பிகளே, எஸ் வளைவில் இடதுபக்கத்தை விடாமல் மெதுவாகப் போங்கள். கைப்பழக்கத்தைக் காட்ட செட்டிபாளையம் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 12 வளைவுகளோடு 3.7 கி.மீ. டிராக்கும் இருக்கிறது. ஒருநாள் அங்கே ஓட்டிவிட்டு, உங்கள் கோட்டை நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள். அதே டீக்கடையில் உட்கார்ந்து மறுபடியும் பேசுவோம்.