பையன் வளரட்டும், ஃபேக்டர் அப்புறம் போடலாமா?

ஹீமோபிலியா உள்ள பிள்ளையின் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லியிருப்பார்: "ஃபேக்டர் போடப் போடத்தான் இன்ஹிபிட்டர் வரும். வீக்கத்துக்கு ஐஸ் வை. பையன் கொஞ்சம் வளரட்டும்." கால்வாசி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு எளிதாகப் பரவுகிறது.

அந்தக் கால்வாசியை ஒப்புக்கொள்வோம். ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபேக்டர் 8 உள்ளே போன பிறகுதான் அதை முறிக்கும் எதிர்ப்பொருள், அதாவது இன்ஹிபிட்டர், உண்டாகிறது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படி நேர்கிறது. ஆனால் 'போடப் போட' என்பது பிழை. ஆபத்து முதல் 50 ஊசி நாட்களில், அதிலும் முதல் இருபதுக்குள், குவிந்து கிடக்கிறது. இருநூறு நாள் ஊசி போட்டுக்கொண்ட பையனுக்குப் புதிதாக வருவது அபூர்வம். அவனுக்குப் போய் ஊசியை மறுப்பது கணக்கைத் தலைகீழாகப் பிடிப்பது.

ஒரே மருந்து சிலருக்கு மட்டும் ஏன் வினையாகிறது? பெரும்பங்கு மரபணுவுடையது. மரபணுவில் பெரிய துண்டே இல்லாத குழந்தையின் உடம்பு ஃபேக்டர் 8-ஐப் பார்த்ததே இல்லை. ஊசியில் வருவதை அந்நியமாக எண்ணி எதிர்க்கிறது. சிறு எழுத்துப்பிழை மட்டும் உள்ளவர்களுக்கு ஆபத்து பொதுவாகக் குறைவு. 'நீ அவசரப்பட்டுப் போட்டாய்' என்று தாயைக் குத்திக் காட்டுபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

'வளரட்டும்' என்ற யோசனைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் போலவும் ஒன்று இருந்தது. 2007இல் வெளியான கேனல் ஆய்வு 366 குழந்தைகளைப் பார்த்தது. பிறந்த முதல் மாதத்திலேயே மருந்து பெற்றவர்களில் 41 சதவீதம் பேருக்கு இன்ஹிபிட்டர். ஒன்றரை வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் 18. இதோடு நிறுத்தினால் பெரியவர் ஜெயித்துவிடுவார். ஆனால் எவ்வளவு தீவிரமாக மருந்து ஏற்றினார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்ததும் வயதின் வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோனது. அறுவை சிகிச்சை, நாள்கணக்கில் தொடர்ந்த மருந்து: இவற்றோடு சிகிச்சை தொடங்கியவர்களுக்கே ஆபத்து கூடியது. ரத்தம் கசியும் முன்பே முறையாகப் போட்டு வந்தவர்களுக்குக் குறைந்திருந்தது. இது சீட்டுப்போட்டுப் பிரித்த சோதனை அல்ல, கண்காணிப்பு ஆய்வுதான். ஆனாலும் தள்ளிப்போடச் சொல்பவர்களுக்கு அதில் துணை இல்லை. கசிவை ஐஸ் வைத்துச் சமாளித்து, முழங்கால் பந்துபோல் வீங்கிய பின் ஓடினால், ஒரு ஊசியில் அடங்கியிருக்க வேண்டியது பல நாள் ஊசியாகிறது. பயந்த தீவிரத்தை நாமே வரவழைக்கிறோம். மூட்டும் போகிறது.

எந்த ஃபேக்டர் என்பது வேறு கேள்வி, நியாயமான கேள்வி. இந்தியக் குழந்தைகளும் பங்கேற்ற, 2016இல் வெளியான சிப்பெட் சோதனையில் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்தில் 26.8 சதவீதமும் ஆய்வகத்தில் உருவாக்கியதில் 44.5 சதவீதமும் இன்ஹிபிட்டர் கண்டார்கள். மருத்துவரிடம் இதைப் பேசலாம்.

'வந்தால் அவ்வளவுதான்' என்பதும் பழங்கதை. இன்ஹிபிட்டரின் அளவு 5 பெதஸ்டா யூனிட்டுக்குக் கீழே என்றால் கூடுதல் ஃபேக்டரே பலருக்கு வேலை செய்கிறது. சிலருக்குத் தானே மறைகிறது. அதிகமானால், தொடர்ந்து ஃபேக்டர் கொடுத்தே உடம்பைப் பழக்கும் சிகிச்சை 1970களிலிருந்து இருக்கிறது; பாதிக்கு மேற்பட்டோருக்குப் பலிக்கிறது. இன்ஹிபிட்டரால் தொட முடியாத, தோலுக்கடியில் போடும் எமிசிஸுமாப் என்ற மருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனவே வழக்கமான அளவு போட்டும் கசிவு அடங்கவில்லையா, அடுத்த ஊசியை மறுக்காதீர்கள். இன்ஹிபிட்டரை அளக்கும் பெதஸ்டா பரிசோதனையைக் கேளுங்கள்.