வெளிநாட்டுப் பயணமும் சிக்கனமும்

"விமானம் ஏறிப் போகிறவர்களுக்குச் சிக்கனம் எதற்கு?" என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் சிங்கப்பூர் சென்று வந்த கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி அது. அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. ஆகவே என் கருத்தை இக்கட்டுரை வாயிலாகச் சொல்ல விழைகிறேன்.

வெளிநாடு செல்வோர் எல்லாரும் செல்வந்தர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. என் தந்தை பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறார். அம்மா நான்கு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில்தான் எங்கள் நால்வருக்கும் விமானச் சீட்டு எடுத்தோம். என் தாய்மாமா அங்கே கப்பல் பட்டறையில் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறார். அவர் குடும்பத்தைப் பார்ப்பதே எங்கள் பயணத்தின் நோக்கம்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்கிறார்கள். ஒரு வெள்ளி நம் பணத்தில் அறுபது ரூபாய்க்கும் மேல். அங்கே கால் வைத்ததும் என் தந்தை எதைக் கண்டாலும் அறுபதால் பெருக்கத் தொடங்கிவிட்டார். தம்பி கேட்ட ஐஸ்கிரீமின் விலையை வாய்விட்டுப் பெருக்கிச் சொன்னார். தம்பிக்கு ஐஸ்கிரீம் மீதிருந்த ஆசையே போய்விட்டது!

ஆனால் சில நாள்களில் நாங்கள் நல்ல பாடங்களைக் கற்றோம். முதலாவது, உணவு. குளிரூட்டப்பட்ட பெரிய உணவகங்கள் பலவற்றில் விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன்மேல் பொருள் சேவை வரியும் சேர்கின்றன. அந்த வரி 2024 முதல் 9 விழுக்காடு. பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டவர் பில்லைப் பார்த்ததும் திகைப்பார். ஆனால் 'ஹாக்கர் சென்டர்' எனப்படும் பொது உணவங்காடிகளில் ஐந்தாறு வெள்ளிக்கு வயிறார உண்ணலாம். அலுவலகம் செல்வோரும் கூலி வேலை செய்வோரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2020-ஆம் ஆண்டு தன் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியுள்ளது. மலிவானது மட்டமானது என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது!

இரண்டாவது, தண்ணீர். அங்கே குழாய் நீரை அப்படியே குடிக்கலாம். பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் புட்டியே போதும். மூன்றாவது, போக்குவரத்து. 1987-இல் தொடங்கிய எம்.ஆர்.டி. ரயில் ஊரெங்கும் செல்கிறது. சென்ற தூரத்துக்கு மட்டுமே கட்டணம். வாடகைக் காருக்கு ஒரு முறை கொடுப்பதில் ரயிலில் பல முறை போகலாம்.

நான்காவது பாடத்துக்கு நாங்கள் கட்டணம் செலுத்தினோம். ஒரு கடையில் வங்கி அட்டையைக் கொடுத்தபோது, "ரூபாயில் செலுத்துகிறீர்களா, வெள்ளியிலா?" என்று அந்தக் கருவி கேட்டது. நமக்குப் புரிந்த பணம் என்று அப்பா ரூபாயைத் தேர்ந்தெடுத்தார். அப்படிச் செய்தால் நாணய மாற்று விகிதத்தை விற்பவர் பக்கமே முடிவு செய்கிறது. அதில் பெரும்பாலும் நமக்கு நட்டமே. அந்த ஊர்ப் பணத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று மாமா பிறகு சொன்னார்.

இலவசமாகக் காண வேண்டியவையும் பல. 1859-இல் நிறுவப்பட்டு, 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தாவரவியல் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. அதனுள் உள்ள ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் உண்டு. ஞாயிறன்று, தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் எழுப்பப்பட்ட லூர்து மாதா ஆலயத்தில் தமிழில் திருப்பலி கண்டோம். அந்நிய நாட்டில் நம் மொழியில் மன்றாடியபோது ஏற்பட்ட ஆறுதலுக்கு எந்த நாணயத்திலும் விலை இல்லை.

இதுவரை சொன்னவை எவரும் ஏற்கும் சிக்கனம். இனிச் சொல்லப்போவதுதான் என் மனத்தை உறுத்தியது.

"ஓட்டல் செலவே இல்லை, எல்லாம் அண்ணன் வீட்டில்தான்" என்று அம்மா ஊருக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார். எட்டு நாள் தங்கினோம். மாமாவின் வாடகை வீடு மிகச் சிறியது. எங்களுக்குப் படுக்கையறையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் மூவரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் அத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நாள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். "நீங்க வேலைக்குப் போகலையா அத்தை?" என்றேன். "நீங்க வந்திருக்கும்போது எப்படிம்மா போவேன்?" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வேலைக்குப் போகாத நாள்களுக்குச் சம்பளம் இல்லை. நாங்கள் சேமித்ததாக எண்ணிய பணம் சேமிப்பே அல்ல. அத்தை இழந்த கூலி!

மறுநாள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தேக்கா சந்தைக்குச் சென்று அரிசி, பருப்பு, மீன், காய்கறி என்று இரு கை நிறைய வாங்கி வந்தார். "எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று அத்தை கோபித்துக்கொண்டார். "நீ நாளைக்கு வேலைக்குப் போ, சமையல் என் பொறுப்பு" என்றார் அம்மா. கடைசி இரண்டு நாளும் அத்தை வேலைக்குப் போனார். மாலையில் அவர் திரும்பி வந்தபோது சாப்பாடு ஆயத்தமாக இருந்தது. எங்கள் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள்கள் அவைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா கட்டணத்தை நினைத்து ஆர்க்கிட் தோட்டத்துக்குள் எங்களை அழைத்துச் செல்லவில்லை. மலர்கள் என்றால் அம்மாவுக்கு உயிர். ஆனால் திரும்பும் முந்தைய நாள், ஊரில் உள்ளவர்களுக்கென்று சாக்லேட்டும் கோடாலித் தைலமும் வாசனைப் புட்டிகளும் அதைப்போல் பல மடங்கு பணத்துக்கு வாங்கினோம். "வெறுங்கையோடு போனால் என்ன சொல்வார்கள்?" என்ற பயம்தான் காரணம். கண்ணால் காண வேண்டியதைக் காணாமல் வந்தோம்; பிறர் வாய்க்குப் பயந்து பெட்டியை நிரப்பினோம். இது சிக்கனமா, சொல்லுங்கள்?

ஆகவே என் கருத்து இதுதான். எவருக்கும் இழப்பு இல்லாத இடத்தில் தாராளமாகச் சேமிக்கலாம். குழாய் நீரும், ரயிலும், உணவங்காடியும் அத்தகையவை. பிறர் உழைப்பைக் குறைத்து நாம் சேமித்தால் அது சிக்கனம் அல்ல, கடன். உறவினர் வீட்டில் தங்கினால் அந்தக் கடனைப் பொருளாகவோ உழைப்பாகவோ அடைக்க வேண்டும். எதைக் காணச் சென்றோமோ அதில் கஞ்சத்தனம் கூடாது.

பெற்றோர்களுக்கும் தோழியருக்கும் ஒரு சிறு வேண்டுகோள். வெளிநாடு சென்று வருபவரிடம், "எனக்கு என்ன வாங்கி வந்தாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன பார்த்து வந்தாய்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எத்தனையோ குடும்பங்களின் பணத்தைச் சேமிக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் அம்மா மீண்டும் சீட்டுக் கட்டுகிறார். இம்முறை எங்கள் பயணத்துக்காக அல்ல. மாமாவும் அத்தையும் ஊருக்கு வரும்போது, அத்தை ஒரு பாத்திரத்தையும் கழுவாமல் எட்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காக.

— பத்தாம் வகுப்பு மாணவி