பயிரூக்கியும் அளவறிவும்

பயிரின் உடலில் மிகச் சிறிய அளவிலே தோன்றி, வேரையும் தண்டையும் பூவையும் காயையும் உரிய காலத்தில் ஏவுகின்ற பொருள்களை வளரூக்கிகள் என்பர். இவற்றை இரசாயனசாலையில் ஆக்கிப் பயிருக்கிடுதல் தகுமோ என்பது நம்மனோரிடை அடிக்கடி எழும் வினா. மண்ணிற் பிறந்ததே மெய், குடுவையிற் பிறந்தது பொய் என்பார் பலர். அக்கொள்கை பொருந்தாதென்பதே எம் கருத்து.

ஹாலந்து தேசத்து வெண்ட் என்பார், ஓட்ஸ் முளையின் நுனியில் வளர்ச்சியைத் தூண்டும் பொருளுண்டென்பதை 1928-இல் விளக்கி வெளியிட்டார். இந்தோல் அசிட்டிக் அமிலம் அத்தகைய ஆக்ஸின் என்பது 1934-இல் தெளிவாயிற்று. செடியிலுள்ள அவ்வமிலமும் குடுவையில் ஆக்கிய அவ்வமிலமும் அமைப்பில் ஒன்றே. பயிர் அவற்றிடை வேற்றுமை அறியாது. மேலும், 1979-இல் கடுகினச் செடியொன்றின் மகரந்தத்தினின்று பிராசினோலைடு என்னும் ஊக்கியைப் பிரித்தபோது, கிலோக்கணக்கான மகரந்தத்துக்குக் கிடைத்தது சில மில்லிகிராமே. மறு ஆண்டிலேயே அறிஞர் அதனை ஆய்வகத்தில் ஆக்கினர். அங்ஙனம் ஆக்கப்படாதாயின் உழவனுக்கு அஃது எட்டாக் கனியே.

ஆயின் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு, அஃது அளவு. ஆக்ஸினைப் போலத் தொழிற்படும் செயற்கைப் பொருளாகிய நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தை, லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம் வீதம் பூக்கும் பருவத்தில் தெளிப்பின், உளுந்தில் பூ உதிர்தல் குறையும். அவ்வினத்ததாகிய 2,4-டி என்பதோ நெல்வயலில் அகன்ற இலைக் களைகளைக் கொல்வது. வியட்நாம் போரிற் காடுகளை அழித்த கலவையிற் பாதியும் அதுவே. காப்பதும் கொல்வதும் ஒரு குலத்தனவே.

பாகூர்ப் பக்கத்தில் எம் பாட்டனார், மிகுதியாயின் மிகுதியாய் விளையுமென்றெண்ணி, ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் நான்கு மூடி ஊற்றினார். இலைகள் சுருண்டன; அவ்வாண்டு உளுந்து பாதியும் வீடு வந்து சேரவில்லை. அவர் கையிற் குறிப்புத்தாள் இருந்தது. அதிலுள்ள 'பி.பி.எம்.' என்பதன் பொருள் யாதென என்னை வினவினார். தமிழ் ஆனர்ஸ் பயிலும் யான் விடை கூறவியலாது தலைகுனிந்தேன். பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு என்னும் அச்சிறு விளக்கம் அன்று ஒரு வயலைக் காத்திருக்கும்.

ஆதலின், மாணாக்க நண்பர்காள்! ஊக்கியைப் பழித்தலால் பயனில்லை. அளவறிந்தோர் இரசாயன வகுப்பில் உளர். சொல்லறிந்தோர் தமிழ் வகுப்பில் உளர். இருவரும் கூடி, பாகூர், வில்லியனூர் உழவர் படித்துணருமாறு ஓர் ஏடேனும் எழுதுவோமாக. நூலிலே உறங்குந் தமிழ் வரப்பிலும் நடத்தல் வேண்டும்.